குமிழின் கடைசிக் கால்வாசி

வின்சன்ட் ஐம்பத்து நான்கு வயது வரை எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை. ஞாயிறு பூசையில் கோயிலில் எல்லோரும் பாடும்போதுகூட அவருக்கு உதடு மட்டும்தான் அசையும். "அவர் வாயைத் திறந்தால் எங்கட குழுவே சுருதி மாறிப்போகும்" என்று மனைவி சீலா சொல்லிச் சிரிப்பார். சீலா கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவர். கிழமை நாட்களில் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறார்.

திருகோணமலை மீன்பிடித் துறைமுகப் பக்கம் உள்ள ஐஸ் கம்பனி ஒன்றில் வின்சன்டுக்கு இருபத்தொன்பது வருட வேலை. காலை ஐந்து மணிக்குப் போனால் பகல் ஒரு மணி வரை நான்கு கொம்பிரசர்கள் சேர்ந்து உறுமும் கூடத்துக்குள் நிற்பார். எண்ணெய் குறைந்தாலும் வால்வு ஒன்று சரியாக மூடாவிட்டாலும், இரும்பில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே சொல்லிவிடுவார். ஒரு மணிக்குப் பிறகு பாலையூற்றில் உள்ள வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டால், அதற்குமேல் அவருக்குச் செய்ய ஒன்றும் இருக்காது. மகள் ஜெசிகா மட்டக்களப்பில் தாதியாக வேலை செய்கிறாள். வீட்டில் இரண்டு பேர்தான்.

அந்த இரண்டு பேருக்கும் இடையில் தீராத வழக்கு ஒன்று இருந்தது. சீலா குசினிக்குள் இருந்து கூப்பிட்டால் வின்சன்ட் திரும்பிப் பார்க்கமாட்டார். இரண்டாம் தரம், மூன்றாம் தரம் கூப்பிட்டுவிட்டு, கையில் அகப்பையோடு முன்னால் வந்து நிற்பார் சீலா.

"சுவரோட கதைச்சாலும் சுவர் ஏனெண்டு கேக்கும்."

"நீர் வாய்க்குள்ள கதைச்சால் எனக்கு எப்பிடி விளங்கும்?"

வருடக்கணக்காக இதே கேள்வி, இதே பதில். பிறகு பிறகு சீலா கூப்பிடுவதையே குறைத்துக்கொண்டார்.

சீலாவின் கிரைண்டர் நின்றுபோன ஒரு ஆடி மாதத்தில்தான் எல்லாம் தொடங்கியது. வின்சன்ட் அதைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒழுங்கையில் இருக்கும் அப்ராஸின் கடைக்குப் போனார். அப்ராஸ் கிண்ணியா ஆள், நாற்பது வயது இருக்கும். ரேடியோ, ரீவி, அம்ப் என்று எதைக் கொண்டுபோனாலும் திருத்தித் தருவார். அன்று அவர் கறுப்பு நிறப் பெட்டி ஒன்றின் மேல் குனிந்திருந்தார். பெட்டியின் முன்பக்கம் ஓர்கன்போலக் கட்டைகள், அவற்றுக்கு மேலே வரிசை வரிசையாகக் குமிழ்கள். அப்ராஸ் ஒரு கட்டையை அழுத்தினார். மேசையில் கிடந்த ஆணிகள் நடுங்கின. அந்தச் சத்தம் காதுக்கு வருமுன் தன் நெஞ்சுக்கு வந்ததுபோல வின்சன்டுக்கு இருந்தது.

"என்ன தம்பி இது, ஓர்கனா?"

"ஓர்கன் இல்ல அண்ணன், சிந்தசைசர். நிலாவெளியில ஒரு ஹோட்டல்ல பாட்டுக்காரர் ஒருத்தர் வச்சிருந்தது. அவர் வெளிநாடு போயிட்டார். திருத்தச் சொல்லித் தந்த ஹோட்டல்காரரும் பிறகு வேணாம், நீங்களே வச்சிக்கங்க எண்டுட்டாங்க."

"பாட்டு வருமா?"

"அதுதான் பிரச்சினை. இதுக்குள்ள பாட்டும் இல்ல, தாளமும் இல்ல. சத்தத்த நாமதான் செஞ்சி எடுக்கணும். எனக்குத் திருத்தத் தெரியும், செய்யத் தெரியாது."

சத்தத்தைச் செய்யலாம் என்பது வின்சன்டுக்குப் புதுக்கதை. அவரைப் பொறுத்தவரை சத்தம் என்பது இயந்திரம் ஓடும்போது தானாக வருவது. அது கூடினால் பழுது, குறைந்தாலும் பழுது. "ஒருக்காத் தொட்டுப் பாக்கட்டே?" என்று கேட்டு, வீட்டு மணியை அமத்துகிற மாதிரி ஒற்றை விரலால் ஒரு கட்டையை அமத்தினார். பிறகு விரலை எடுக்க மறந்து நின்றார்.

அடுத்த இரண்டு கிழமைக்குள் மூன்று தரம் அந்தக் கடைக்குப் போனார். ஒருமுறை ரோச் லைட். இன்னொருமுறை பக்கத்து வீட்டு ரேடியோ. மூன்றாம் தரம் கொண்டுபோன அயன் பெட்டியை அப்ராஸ் சூடாக்கிப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தார்.

"அண்ணன், இதுல ஒரு பழுதும் இல்லையே. அந்தப் பெட்டியப் பாக்கத்தானே வந்தீங்க?"

வின்சன்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்ராஸ் விடவில்லை. "எங்கட வீட்டு டீப் பிரீசர் ஆறு மாசமாக் குளிரில்ல. ரெண்டு பேரக் காட்டியாச்சு, சரிவரல்ல. நீங்க அதைச் செஞ்சி தாங்க, இதைக் கொண்டு போங்க."

ஞாயிறு பூசை முடிந்ததும் வின்சன்ட் பஸ் ஏறிப் பாலத்தைக் கடந்து கிண்ணியாவுக்குப் போனார். அப்ராஸ் வீட்டுப் பின்விறாந்தையில் பகல் முழுக்கக் குந்தியிருந்து, அடைபட்ட குழாயை வெட்டி மாற்றி, காஸ் நிரப்பினார். அப்ராஸின் மனைவி பஸ்மியா மீன் பொரியலோடு சோறு போட்டுக் கொடுத்தார். பின்னேரம் பிரீசருக்குள் வைத்த கோப்பைத் தண்ணீரின் மேல் மெல்லிய ஐஸ் ஆடை படர்ந்ததைப் பஸ்மியாவே முதலில் கண்டு கூப்பிட்டார். வின்சன்ட் திரும்பும்போது, பழைய படுக்கை விரிப்பில் சுற்றிய சிந்தசைசர் பஸ்ஸில் அவர் மடியில் இருந்தது.

"இதென்ன?" என்றார் சீலா.

"சிந்தசைசர்."

"ஆருக்கு?"

"எனக்குத்தான்."

சீலா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

முதல் நாளிலேயே சிரிப்பதற்கு இன்னொரு காரணமும் கிடைத்தது. சிந்தசைசரில் சிவப்பு விளக்கு எரிந்தது, ஆனால் எந்தக் கட்டையை அமத்தினாலும் ஒரு முனகல்கூட இல்லை. வின்சன்ட் பிளக்கைக் கழற்றி மாட்டினார். பியூஸைப் பார்த்தார். அடிப்பலகையின் ஆணிகளைக் கழற்றி உள்ளேயும் பார்த்தார். கடைசியில் அப்ராஸுக்குத் தொலைபேசி எடுத்தார்.

"ஸ்பீக்கர் எங்க குடுத்தீங்க அண்ணன்?"

"ஸ்பீக்கரோ? உள்ளுக்குள்ள இல்லையோ?"

"யா அல்லாஹ்! சொல்ல மறந்துட்டன். இதுக்கு வயிறு மட்டும்தான், வாய் நாமதான் குடுக்கணும்."

வீட்டில் கிடந்த பழைய ஸ்பீக்கர் பெட்டியை மறுநாள் இணைத்தார். இப்போது சத்தம் வந்தது. ஆனால் கட்டையை அமத்தி, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியபிறகுதான் மெல்ல எழும்பி வந்தது. கையை எடுத்தால் போகவும் மாட்டேன் என்றது. அதையும் பழுதென்று நினைத்தார். கைத்தொலைபேசியில் ஒரு வெள்ளைக்காரர் இதைப் பற்றிப் பேசும் காணொளியைத் தேடிப் பிடித்தார். வின்சன்டின் ஆங்கிலம் இயந்திரங்களோடு வரும் கையேட்டு ஆங்கிலம். பத்துச் சொல்லில் நான்குதான் பிடிபட்டது. ஒரே பகுதியைப் பதினைந்து தரம் திருப்பித் திருப்பிப் பார்த்து, சத்தம் எழும்ப எடுக்கும் நேரத்துக்கு ஒரு குமிழ் இருக்கிறது, அடங்க எடுக்கும் நேரத்துக்கு இன்னொரு குமிழ் இருக்கிறது என்று கண்டுபிடித்தார். இரண்டையும் யாரோ கடைசி வரை திருப்பி விட்டிருந்தார்கள்.

அன்றைக்கே மருந்துப் பிளாஸ்டரைத் துண்டு துண்டாக வெட்டி, குமிழ்களுக்கு மேலே ஒட்டிப் பேனையால் எழுதினார். 'எழும்பும் நேரம்.' 'அடங்கும் நேரம்.' 'ஆட்டம்.' 'இரைச்சல்.' ஒரு குமிழுக்கு மட்டும் பெயர் எழுதத் தேவைப்படவில்லை. அதில் கட்ஓஃப் என்று ஆங்கிலத்தில் இருந்தது. குளிரூட்டி வேலையில் அந்தச் சொல் அவருக்குத் தினமும் வாயில் புரள்வது. இது சத்தத்துக்குப் போட்ட வால்வு என்று பார்த்தவுடனே புரிந்தது. மூடினால் அடித்தொண்டைச் சத்தம் மட்டும் வரும். திறக்கத் திறக்க மேலே உள்ள கூர்ச்சத்தங்களும் வெளியே வரும்.

பிற்பகல்கள் இப்போது போதவில்லை. சாப்பிட்ட கையைக் கழுவியதும் சிந்தசைசருக்கு முன்னால் போய் இருப்பார். அவர் முதன்முதல் முழுதாகச் செய்து முடித்த சத்தம் கொம்பிரசருடையது. தாழ்ந்த உறுமல், அதற்குள் ஒரு சின்ன ஆட்டம், இடைக்கிடை ஒரு தடக். அச்சொட்டாக இருந்தது.

"ஐயோ, அங்க எட்டு மணித்தியாலம் கேட்டது காணாதெண்டு இஞ்சயும் கொண்டு வந்திட்டீங்களோ!" என்றார் சீலா.

இரண்டாவது சத்தம் இரைச்சல் குமிழைக் கொண்டு செய்தது. அதை மெல்ல எழும்பி மெல்ல அடங்க விட்டு, வால்வைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து மூடினார். கண்ணை மூடிக்கொண்டு அதிலேயே லயித்திருந்தவர், சீலா முற்றத்தில் இருந்து உடுப்புகளை அள்ளிக்கொண்டு ஓடிவருவதைக் கண்டு திகைத்துப்போனார்.

"மழை இரைஞ்சு வருதே, உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

வெளியே வெயில் எரித்துக்கொண்டிருந்தது. அவர் குமிழை மூடினார். மழை நின்றது. சீலா கைநிறைய உடுப்போடு அப்படியே நின்றார். மகள் பிறந்த செய்தி கேட்ட அன்றைக்குப் பிறகு தனக்கு இப்படி ஒரு சந்தோசம் வந்ததில்லை என்று வின்சன்ட் பிறகு ஜெசிகாவிடம் தொலைபேசியில் சொன்னார்.

மாரி தொடங்கிய கார்த்திகையில் அவர் ஒரு விசயத்தைக் கவனித்தார். கட்ஓஃப் குமிழை இடது ஓரத்தில் இருந்து திருப்பிக்கொண்டு போனால் சத்தம் மாறிக்கொண்டே வரும். முக்கால்வாசி போனதும் அந்த மாற்றம் நின்றுவிடும். கடைசிக் கால்வாசியை எப்படித் திருப்பினாலும் ஒன்றும் நடக்கவில்லை. தூசாக இருக்கும் என்று துப்புரவாக்கும் மருந்து அடித்துப் பார்த்தார். சரிவரவில்லை. மறுபடியும் படுக்கை விரிப்பில் சுற்றிக்கொண்டு அப்ராஸிடம் போனார்.

"கடைசிக் கால்வாசி வேலை செய்யுதில்லைத் தம்பி. நொப் தேஞ்சிட்டுது போல."

அப்ராஸ் ஒரு கட்டையை அமத்திக்கொண்டு குமிழைத் திருப்பினார். கடைசிக்கு வந்தபோது முகத்தைச் சுளித்தார்.

"நல்லாத்தானே வேலை செய்யுது அண்ணன். பல்லுக் கூசுது."

"இன்னொருக்காத் திருப்பும் பாப்பம்."

அப்ராஸ் திருப்பினார். வின்சன்ட் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் காதைக் கொண்டுபோனார். முக்கால்வாசி வரை வந்தது. பிறகு அதே சத்தம்தான்.

"இல்லையே. மாறேல்லையே."

அப்ராஸ் மேசைக்குக் கீழே இருந்த, சத்தத்தைக் கோடாகக் காட்டும் பழைய ஒசிலோஸ்கோப்பை இழுத்து வயரைக் கொழுவினார். வட்டத் திரையில் பச்சைக் கோடு ஒன்று ஓடியது. குமிழ் மூடியிருந்தபோது அது கடலின் மெல்லிய அலைபோல வழுவழுப்பாக இருந்தது. திருப்பத் திருப்ப அலையின் ஒரு பக்கம் நிமிர்ந்தது. கடைசிக் கால்வாசியில் அது இன்னும் கூராகி, மரம் அரியும் வாளின் பல்வரிசைபோல ஆனது.

வின்சன்ட் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மனிதர் சொல்வதை நம்பாவிட்டாலும் மீற்றர் காட்டுவதை நம்புகிறவர் அவர். தானே குமிழைப் பிடித்து, பின்னுக்கும் முன்னுக்குமாக நாலைந்து தரம் திருப்பினார். திரையில் பற்கள் வளர்ந்தன, மழுங்கின. காதில் ஒரு மாற்றமும் இல்லை.

"அப்ப பழுது இதில இல்லை" என்றார்.

அப்ராஸுக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. பக்கத்துக் கடைக்குச் சத்தம் கொடுத்து இரண்டு பிளேன்ரீ எடுப்பித்தார். குடித்து முடிக்கும்வரை இருவரும் கிரிக்கெட் பற்றிக் கதைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் வின்சன்ட் சீலாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கருக்கு முன்னால் இருத்தினார். "நான் திருப்பிறன். இதுக்குமேல சத்தம் மாறேல்லை எண்டு உமக்குப் படுற இடத்தில சொல்லும்."

சீலா சொல்லவே இல்லை. குமிழ் ஓரத்தில் போய் முட்டி நின்றது.

"அங்கால போகாதோ?" என்று கேட்டார் சீலா.

வின்சன்ட் பென்சிலை எடுத்துக் குமிழைச் சுற்றியிருந்த தகட்டில், முக்காலுக்குக் கிட்ட ஒரு கோடு கீறினார். "எனக்கு இதில முடிஞ்சிட்டுது."

சீலாவுக்கு உடனே புரியவில்லை. வின்சன்ட் கோட்டையும் ஓரத்தையும் மாறி மாறித் தொட்டுக் காட்டினார். "இந்த இடைக்குள்ள இருக்கிறது ஒண்டும் எனக்குக் கேக்குதில்லை. நீர் குசினிக்குள்ள நிண்டு கூப்பிடுறதும் இதுக்குள்ளதான் எங்கயோ போகுது போல."

சீலா எழும்பிக் குசினிக்குப் போனார். சிறிது நேரத்தால் திரும்பி வந்து வாசலில் நின்றார். வின்சன்ட் குமிழைப் பார்த்தபடியே இருந்தார்.

"இப்ப கூப்பிட்டனான்" என்றார் சீலா.

"எப்ப?"

"இப்பத்தான். மூண்டு தரம்."

சீலாவின் கண் நிறைந்துவிட்டது. பக்கத்தில் வந்து அவர் தோளில் கையை வைத்தார். "நான் எத்தினை வருசமா உங்களை ஏசியிருக்கிறன். வேணுமெண்டுதான் பேசாமல் இருக்கிறீங்களெண்டு நினைச்சன்."

"நானும்தானே சொன்னனான், நீர் வாய்க்குள்ள கதைக்கிறீரெண்டு."

"நான் எப்ப வாய்க்குள்ள கதைச்சனான்? என்ர சத்தம் சேர்ச்சில கடைசி வாங்கில இருக்கிறவைக்கும் கேக்கும்."

"அது எனக்கு இண்டைக்குத்தானே தெரியும்" என்றார் வின்சன்ட். அதைக் கேட்டுச் சீலாவுக்கு அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, பின்னேரத் தேத்தண்ணி வைக்கப் போனார்.

தை மாதத்தில் லீவில் வந்த ஜெசிகா தகப்பனை விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். சத்தம் புகாத சின்ன அறை ஒன்றுக்குள் ஹெட்போன் மாட்டி இருத்தி, கேட்கும்போதெல்லாம் ஒரு பொத்தானை அமத்தச் சொன்னார்கள். முடிந்தபிறகு பரிசோதித்த சுதர்ஷிகா என்ற இளம் பெண் ஒரு தாளில் இழுத்த கோட்டைக் காட்டினார். இடப்பக்கம் நேராகப் போன கோடு, முக்காலுக்கு வந்ததும் சரிந்து கீழே விழுந்தது.

"இது எனக்குத் தெரியும் மிஸ்" என்றார் வின்சன்ட்.

"முந்தியும் செக் பண்ணினீங்களோ?"

"இல்லை. இது கட்ஓஃப். சிந்தசைசரில வால்வைப் பாதியில நிப்பாட்டினால் இந்தக் கோடுதான் வரும். வீடியோவில பாத்திருக்கிறன்."

சுதர்ஷிகா தாளைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், ஜெசிகாவைப் பார்த்தார். "அங்கிள், பத்து வருசமா இந்த கிராஃபை விளங்கப்படுத்துறன். எனக்கே ஒருத்தர் விளங்கப்படுத்தினது இண்டைக்குத்தான்."

போன கேட்கும் சக்தி திரும்பி வராது, மிச்சத்தைக் காப்பாற்றலாம், காதுக்குக் கருவி பொருத்தச் சில மாதம் பொறுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். வேலைத்தலத்தில் காதுக்கு என்ன போடுகிறீர்கள் என்று கேட்டதற்குப் பஞ்சு என்று சொல்லி வின்சன்ட் திட்டும் வாங்கினார். அடுத்த நாள் கம்பனிக் களஞ்சியத்தில் தேடிப் பார்த்தால், காதுமூடிகள் ஒரு பெட்டி நிறைய, கட்டுப் பிரிக்காமலே கிடந்தன. ஒன்றை அவர் மாட்டிக்கொண்டார். தன்னோடு வேலை செய்கிறவர்களின் தலைகளிலும் தன் கையாலேயே ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார்.

கருவி வரும்வரைக்கும் வின்சன்ட் சும்மா இருக்கவில்லை. பென்சில் கோட்டுக்கு இந்தப் பக்கம் எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பக்கம் சீலாவின் பொறுப்பு. சீலா பாலர் பாடசாலையில் இருந்து வந்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருப்பார். சீலாவுக்கும் இதில் ஒன்றும் தெரியாது. ஆனாலும் சுருதி தெரியும். எந்தக் கட்டையோடு எந்தக் கட்டை சேர்ந்தால் நல்லாயிருக்கும் என்று சொல்லுவார். வின்சன்டின் தடித்த விரல்கள் ஒன்றை அமத்தப்போய் இரண்டை அமத்தும். "இதென்ன, வால்வு திருகிற மாதிரி. தடவுங்கோ, தடவுங்கோ" என்பார் சீலா. இடைக்கிடை சண்டையும் வரும். சீலாவுக்குப் பளிச்சென்ற சத்தம் பிடிக்கும். வின்சன்டுக்கு நிலம் அதிர வேண்டும்.

தவக்காலம் வந்தது. கோயில் வளவில் ஒவ்வொரு வருடமும் இயேசுவின் திருப்பாடுகளின் காட்சி போடுவார்கள். அதை நெறிப்படுத்துகிறவர் ஜெயந்தன் என்ற பள்ளிக்கூட ஆசிரியர். சிலுவைக் காட்சியில் இடி முழங்குவதற்காக மேடைக்குப் பின்னால் இரண்டு பேர் ஒரு கூரைத் தகரத்தைப் பிடித்து உலுப்புவது வழமை. வின்சன்டின் மழைக் கதையைச் சீலா பாட்டுப் பயிற்சியில் சொல்லப்போய், அது ஜெயந்தன் காதுக்கு எட்டியது. அவர் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அண்ணை, இடி செய்ய ஏலுமோ?"

"ஏலும்" என்று வின்சன்ட் யோசிக்காமல் சொல்லிவிட்டார். சொன்னபிறகுதான் பயம் பிடித்தது. இரண்டு கிழமை இடியோடு கழிந்தது. முதலில் வந்தது லொறியில் இருந்து தகரப் பீப்பா விழுந்த மாதிரி இருந்தது. பிறகு ஒருநாள் யன்னல் கண்ணாடி கிடுகிடுக்கும் இடி ஒன்று கிடைத்தது. சீலா அதன் தொடக்கத்தில் ஒரு வெடிப்பைச் சேர்த்தார்.

காட்சி அன்று பின்னேரம் சனம் வளவு கொள்ளாமல் நிறைந்திருந்தது. சல்லியில் இருந்தும் நிலாவெளியில் இருந்தும் வந்திருந்தார்கள். அப்ராஸ் தன் பெரிய ஸ்பீக்கர்களைக் கொண்டுவந்து பூட்டிவிட்டு, முடிவு பார்க்க ஆசைப்பட்டு மதிலோரம் நின்றார். மேடைக்குப் பக்கத்தில் சின்ன மேசையில் சிந்தசைசர். அதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைச் சேர்ட்டோடு வின்சன்ட், பக்கத்தில் சீலா. முந்தின காட்சிகளுக்கு அவர்கள் செய்து வைத்திருந்த காற்றும் சனத்தின் இரைச்சலும் சரியாகவே வந்தன.

சிலுவையில் தலை சாய்ந்தது. ஜெயந்தன் கையைக் காட்டினார். வின்சன்ட் அமத்தினார்.

முன்வரிசைப் பிள்ளைகள் தாய்மாரைக் கட்டிப்பிடித்தார்கள். கதிரைகள் அதிர்ந்தன. வின்சன்ட் கையை எடுத்தார். இடி நிற்கவில்லை. பதற்றத்தில் அவரது சேர்ட் கைமடிப்புப் பட்டு 'அடங்கும் நேரம்' கடைசி வரை திரும்பியிருந்தது. அவருக்கு அது தெரியவில்லை. படைத்தலைவனாக வேசம் போட்ட மெல்ரோய், பேக்கரியில் வேலை செய்கிறவர், தன் வசனத்தைச் சொல்ல வாயைத் திறந்தார். இடி உருண்டுகொண்டே இருந்தது. மெல்ரோய் வாயை மூடினார். என்ன செய்வதென்று தெரியாமல் ஈட்டியைக் கீழே வைத்துவிட்டு முழங்காலில் இருந்து மேலே பார்த்தார். அதைக் கண்டு மற்றப் படைவீரர்களும் முழங்காலில் இருந்தார்கள். எந்தக் குமிழென்று பிடிபடாமல் வின்சன்ட் பிளாஸ்டர் எழுத்துகளைத் தேடினார்.

சீலா கையை நீட்டினார். அவர் ஒரேயடியாக மூடவில்லை. கட்ஓஃப் வால்வை மிக மெதுவாக, பாட்டின் கடைசி வரியை இழுத்து விடுகிற மாதிரி, மூடிக்கொண்டு வந்தார். இடி கோயிலைத் தாண்டி, வீடுகளைத் தாண்டி, துறைமுகத்துக்கு மேலால் வெளிக்கடலுக்குப் போவதுபோலப் போய் அடங்கியது. அவ்வளவு சனத்தில் ஒருவர்கூட இருமவில்லை. பிறகுதான் மெல்ரோய் தன் வசனத்தைச் சொன்னார். சொல்லும்போது அவர் குரல் உண்மையாகவே நடுங்கியது.

எல்லாம் முடிந்ததும் ஜெயந்தன் ஓடிவந்தார். "அண்ணை, அந்த நீண்ட இடியை நாங்கள் ஒத்திகையில செய்யேல்லையே?"

"கை தவறிட்டுதடாப்பா. குறை நினையாதையும்."

"குறையோ? வாற வருசமும் கை தவறவேணும் சொல்லிப்போட்டன்."

ஆனி மாதத்தில் காதுக் கருவி கிடைத்தது. முதல் நாள் வின்சன்டுக்கு வீடே புதிதாக இருந்தது. பேப்பரைப் பிரித்தால் நொறுநொறுத்தது. கடுகு வெடித்தது. தன் செருப்புக்கு இப்படி ஒரு சத்தம் உண்டென்று அவருக்குத் தெரியாது. சீலா குசினிக்குள் இருந்து "இஞ்சாருங்கோ" என்றார். வின்சன்ட் முதல் கூப்பாட்டுக்கே "என்ன?" என்றார். சீலாவுக்கு என்ன கேட்க வந்தது என்பதே மறந்துபோய்விட்டது.

பிறகு சிந்தசைசருக்கு முன்னால் இருந்து, ஒரு கட்டையை அமத்திக்கொண்டு, குமிழைப் பென்சில் கோட்டைத் தாண்டித் திருப்பினார். கேட்டது. பஸ் பிரேக் பிடிக்கிற மாதிரி ஒரு கிரீச்.

"இதுவோ?" என்றார் அவர். "இதைக் கேக்கேல்லை எண்டோ நான் இவ்வளவு நாள் கவலைப்பட்டனான்?"

"அதுதானே நான் கோட்டுக்கு அங்கால எப்பவும் பாதியில நிப்பாட்டுறனான்" என்றார் சீலா.

அடுத்த மாதம் பாலர் பாடசாலையில் பிள்ளைகளின் விழா. மிருக வேசம் போட்டு மேடையில் வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சத்தம் கொடுப்பது வின்சன்டின் வேலை. யானை ஒரே நாளில் வந்தது. மாடு, காகம், தவளை எல்லாம் வந்தன. மான் வேசம் போட்ட கமலி என்ற பிள்ளை, "ரீச்சர், மான் என்ன சத்தம் போடும்?" என்று கேட்டபோதுதான் சிக்கல். திருகோணமலையில் பிறந்தவர்கள் மானைப் பார்க்காமல் ஒரு கிழமை இருப்பதில்லை. கோட்டை வாசலில், கடற்கரையில், கடைத்தெருவில்கூட அவை நிற்கும். அவற்றின் குரல் எப்படி என்று சீலாவுக்கும் சொல்லத் தெரியவில்லை. வின்சன்டுக்கு அது ஒரு சத்தமும் போடாத சீவன்.

அதனால் இரண்டு பேரும் பின்னேரங்களில் டச்பே கடற்கரைக்குப் போய் இருந்தார்கள். முதல் நாள் ஒரு மான் கிட்ட வந்து, அவர்கள் வாங்கி வைத்திருந்த ரோல்ஸ் பலகாரத்தைப் பையோடு தின்றுவிட்டுப் பேசாமல் போனது. இரண்டாம் நாள் எல்லா மான்களும் படுத்து அசைபோட்டன. "இதுகளும் என்னைப் போலத்தான், கூப்பிட்டால் திரும்பாது" என்றார் வின்சன்ட். சீலா அவர் கையில் ஒரு தட்டுத் தட்டினார். கடல் அமைதியாக இருந்தது. இப்படி இரண்டு பேருமாகக் கடற்கரையில் வந்து இருந்தது கலியாணம் கட்டின புதிதில்தான் என்று சீலா கணக்குப் பார்த்துச் சொன்னார்.

மூன்றாம் நாள் எங்கிருந்தோ ஒரு நாய் குலைத்துக்கொண்டு வந்தது. புல்லில் நின்ற பெட்டை மான் ஒன்று காதை நிமிர்த்திக் கழுத்தை நீட்டி, கூரான, குறுகிய ஒரு குரல் கொடுத்தது. ஒரே ஒரு தரம்.

"கேட்டதோ?" என்று சீலா அவசரமாகத் திரும்பினார்.

"ஓம், ஓம், கதைக்காதையும்" என்றார் வின்சன்ட். அந்தச் சத்தம் மறந்துவிடாமல் இருக்க, வாய்க்குள் அதைச் சொல்லிச் சொல்லிக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

வீட்டில் நாலு நாள் பாடுபட்டும் அது முழுதாக வரவில்லை. றப்பர் பொம்மையை அமுக்கினால் வரும் சத்தம்போலவே இருந்தது. வின்சன்டுக்குத் திருப்தி இல்லை. சீலா, போதும் விடுங்கோ என்றார். விழா அன்று, புள்ளி போட்ட சட்டையும் காகிதக் கொம்புமாகக் கமலி மேடையில் துள்ளி வந்தாள். வின்சன்ட் கட்டையை அமத்தினார். முன்னால் இருந்த சின்னஞ்சிறுசுகள் ஒரு கணம் வாயைப் பிளந்து பார்த்துவிட்டு, கையைத் தட்டிக் கூச்சல் போட்டன.

"ரீச்சர், மான்! இன்னொருக்கா மான்!"

சீலா மேடையில் நின்றபடி சரியென்று தலையை ஆட்டினார். வின்சன்ட் இன்னொரு தரம் அமத்தினார்.